கையெழுத்திடக் கற்பித்தவர் யார்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் எமக்கு முன் பேசியோர் புலவர்கள். பட்டங்கள் பல பெற்றோர். யாமோ பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கு விடைகொடுத்து, நெல்லைச் சீமையினின்றும் பிழைப்பின் பொருட்டு இப்பக்கம் குடிபெயர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில் நிலையத்துக் கவுண்ட்டரின் பின்னே அமர்ந்து பயணச்சீட்டு வழங்கிவரும் எழுத்தர். இலக்கியம் பற்றி எடுத்துரைக்க எமக்குத் தகுதி இல்லை என்று செயலாளரிடம் முறையிட்டோம். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று அவர் பணித்துவிட்டார். எமக்குத் தெரிந்தது கவுண்ட்டர் ஒன்றே. ஆதலின், கவுண்ட்டருக்கு வெளியே வந்து நிற்கும் இளைஞர்களைப் பற்றியே சில சொற்கள் சொல்லத் துணிந்தோம்.

இக்காலத்தில் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுத்துவிடுகின்றனர். ஆயினும் முன்பதிவுக்குப் படிவம் எழுதிக்கொண்டு வருவோர் இன்னும் உளர். அப்படிவத்தில் கேட்பது யாது? வண்டியின் எண், புறப்படும் நாள், வகுப்பு, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், பயணியரின் பெயர், பால், வயது. ஈற்றில் ஒரு கையெழுத்து. ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம். இதற்கு முதுகலைப் பட்டம் வேண்டுவதில்லை. எனினும் முதுகலைப் பட்டம் பெற்ற பிள்ளைகள் வெறும் படிவத்தை நீட்டி, "சாரே, நீங்களே எழுதித் தந்துவிடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேட்பதை யாம் பலகாலும் கண்டிருக்கின்றோம்.

எழுத்தறியாத முதியவர் ஒருவர் அதே படிவத்தை நீட்டும்போது, "அப்பனே, கண் தெரியவில்லை, எழுதித் தா" என்று உரிமையோடு கேட்கிறார்; எழுதித் தந்ததும் வாழ்த்திவிட்டுப் போகிறார். படித்த பிள்ளையோ வெட்கத்தோடு கேட்கிறான். வரிசையில் பின்னே நிற்பவர் ஒருவர், "படித்தவன்தானே, எழுதத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டால் போதும், படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறான். அன்றிரவு முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் நின்றபடியே அவன் சென்னைக்குப் போவான். அறியாமை யாருக்கும் உண்டு, கேட்டறியலாம். அவனைத் திரும்பிப் போகச் செய்த அந்த வெட்கமே எம்மை வருத்துவது.

இதனைப் பிறர் வீட்டுக் கதையாக மட்டும் சொல்லிச் செல்ல எமக்கு உரிமை இல்லை. எம் தமக்கையின் மகன் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் படித்துத் தேறியவன். கை நேர்த்தியானவன், அரத்தைப் பிடித்தால் இரும்பு அவன் சொற்படி கேட்கும். அரசுப் பணித் தேர்வு ஒன்றிற்கு விண்ணப்பித்தான். விண்ணப்பம் தள்ளப்பட்டுவிட்டது. காரணம், கையெழுத்து இடவேண்டிய இடத்தில் தன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தான். அவ்வாறு எழுதினால் ஏற்கப்படாது என்று அறிவிப்பிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தனர். ஆகவே அவர்கள்மேல் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அத்தகைய அறிவிப்பு மீண்டும் வந்தபோது அவனுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது.

அன்று யாம் அவனைக் கடிந்துகொண்டோம். "அறிவிப்பை முழுதும் படிக்கமாட்டாயா? கையெழுத்துக் கூடவா போடத் தெரியாது?" என்றோம். அவன் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "மாமா, கையெழுத்துப் போட எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?" என்று மட்டும் கேட்டான்.

அக்கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான கையெழுத்துகளைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட தாய்மாமன் ஒரே முற்றத்தில் இருந்தும், அந்தப் பிள்ளையை ஒருநாளேனும் அருகில் இருத்தி, "உன் பெயரை இப்படிச் சேர்த்து எழுது, எப்போதும் ஒரே வகையாக எழுது, வங்கியில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதே" என்று சொன்னதில்லை. பள்ளி சொல்லித் தந்திருக்கும் என்று யாம் இருந்தோம். வீட்டில் சொல்லித் தந்திருப்பர் என்று பள்ளி இருந்தது போலும்.

எமக்கு மட்டும் யார் சொல்லித் தந்தார் என்று எண்ணிப் பார்த்தோம். திருச்சிராப்பள்ளியில் உள்ள இரயில்வே பயிற்சி நிலையத்தில் விதிகளைக் கற்றோம். கட்டண அட்டவணைகளை உருப்போட்டோம். அவை இன்றியமையாதவைதாம். ஆயினும் தொழிலைக் கற்றது, பணி ஓய்வை எதிர்நோக்கியிருந்த முதிய எழுத்தர் ஒருவரின் பக்கத்து நாற்காலியில். முதல் மாதத்தில் ஒருநாள் கணக்கு முடிக்கும்போது நானூறு ரூபாய் குறைந்தது. குறைந்ததைப் பணியாளரே ஈடுசெய்தல் வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அன்றைய எம் சம்பளத்தில் அது சிறு தொகை அன்று. அவர் அருகில் வந்து, "தம்பி, பயணி தந்த நோட்டை உடனே இழுப்பறைக்குள் போடாதே. மேசைமேல் அவர் கண்ணிலும் உன் கண்ணிலும் படும்படி வைத்துக்கொள். பாக்கியை எண்ணிக் கொடுத்து, அவர் எண்ணி வாங்கிய பிறகு உள்ளே போடு. ஐந்நூறு தந்தேன், நூறு தந்தேன் என்ற வழக்கே எழாது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அதன்பின் அவ்வகையில் யாம் பணம் இழந்ததில்லை.

பணிக்கு அமருமுன் தன் சட்டைப்பையில் உள்ள சொந்தப் பணம் இவ்வளவு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு உட்காரவேண்டும் என்பதும் எங்கள் விதி. இதைத் தம்மீது கொண்ட ஐயம் என்று புதியவர்கள் மனம் குமைவார்கள். யாமும் குமைந்தோம். "இது உன்னைக் காக்கும் விதி. நாளைக்கு ஒருவன் உன்மேல் பழி சொன்னால் இந்த ஒரு வரிதான் உனக்காகப் பேசும்" என்று அப்பெரியவர் விளக்கியபோதே அவ்விதி எமக்கு இனித்தது. விதியைப் பயிற்சி நிலையம் தந்தது. விதியின் பொருளை ஒரு மனிதர் தந்தார்.

முற்காலத்தில் இத்தகைய அறிவு அருகில் நின்றே கற்கப்பட்டது. பாலராமபுரத்துக்கு வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்ம மன்னர் காலத்தில், தமிழ் நிலத்தினின்றும் அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட சாலியர் குடும்பங்களே அந்நெசவுக்கு வித்து. நம்மைப்போல் குடிபெயர்ந்து வந்தவர்கள், நமக்கு மூத்தவர்கள். அவ்வூர்க் கைத்தறித் துணிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பிள்ளை முதலில் தார் சுற்றும். பிறகு தெருவில் நீட்டிய பாவின் முன் நிற்கும். அதன் பின்னரே குழித்தறியில் இறங்கும். எத்தனை புத்தகம் படித்தாலும் இழை அறுந்த இடத்தை விரல் அறிவதற்குக் காலம் வேண்டும். நம் ஒற்றசேகரமங்கலத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் அவ்வாறே. பால் வெட்டுக் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது மயிரிழைக் கணக்கு. குறைந்தால் பால் இல்லை. மிகுந்தால் உள்மரத்தில் காயம் பட்டு, மீண்டும் வளரும் பட்டை கரடுமுரடாகி, அம்மரம் வருங்காலத்துக்கு உதவாது. வெட்டத் தெரிந்தவன் தோளோடு தோள் நின்றே இதைக் கற்கவேண்டும்.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று யாம் சொல்ல வரவில்லை. அருகில் நின்று கற்ற முறையில் ஒரு கொடுமையும் கலந்திருந்தது. யார் பிள்ளை யார் அருகில் நிற்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. இவ்வட்டாரத்து வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியின் கைப்பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியையே கொளுத்திவிட்டனர். நிலத்தில் உழைக்கும் வேலையை அப்பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. எழுத்தைத்தான் மறுத்தார்கள். அதனால்தான் எழுத்துக்காக அவர் போராடினார். சென்னை மாநிலத்தில் 1953-ல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் அதனை எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான 1954-ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எதிர்த்தது முறையே. தொழில் கற்பித்தல் வேறு. தந்தையின் தொழிலில் மகனைக் கட்டிப்போடுதல் வேறு.

இவ்விரண்டையும் பிரித்தறிந்து ஒரு வழி கண்டவர் காந்தியடிகள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்துத் தாய்மொழியில் ஏழாண்டுக் கல்வி என்னும் ஆதாரக் கல்வித் திட்டத்தை அவர் முன்வைத்தார். இதில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எல்லா வேலையும் கற்பர்; நூற்பதோடு கணக்கும், பெருக்குவதோடு சுகாதாரமும் சேர்ந்து வரும். சேவாகிராமத்தில் அதனை நடத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் என்பதும், அவருக்குத் துணைநின்றவர் அவர்தம் மனைவியார் ஆஷாதேவி என்பதும் நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி.

இன்னொரு செய்தி நமக்கு இன்னும் நெருங்கியது. 1904-ல் பிறந்த நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், காந்தியடிகளின் அணுக்கர் ஜி. இராமச்சந்திரன். அவரும் அவர்தம் துணைவியார் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே 1956-ல் எழுந்த கிராமிய உயர்கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் சிற்றூர்களில் சென்று தங்கி மக்களோடு பணிபுரிவது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. கருதிப் பாருங்கள்: 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு அப்பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இப்பக்கம் நின்றது. எல்லைக்கோடு எங்கே என்று இங்குள்ளோர் வழக்காடியிருந்த காலத்தில், நெய்யாற்றின்கரையின் மலையாளி ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாழக் கற்பித்துக்கொண்டிருந்தார். அக்கடனை இப்பக்கம் வந்து குடியேறிய நாம் சிறிதேனும் திருப்பித் தரவேண்டாமா?

ஆதாரக் கல்வி நாடெங்கும் ஏன் நிலைக்கவில்லை? அறிஞர் பல காரணம் கூறுவர். எமக்குப் புலப்படும் காரணம் ஒன்று. அதனைப் பிறர் பிள்ளைகளுக்கு என்றே பலரும் நினைத்தனர். உத்தியோகத்தர் தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஏழையின் பிள்ளை தக்களி சுழற்றுவது நாட்டுக்கு நலம் என்று சொன்னார். ஏழை அதை நம்பவில்லை. நம்பாதது அவன் அறிவுடைமை.

இக்காலத்திலும் முயற்சிகள் குறைவில்லை. கேரளத்தில் 1983-84 முதல் மேனிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு நடைபெற்றது. 2012-ல் அசாப் என்னும் திறன் திட்டம் வந்தது. தமிழகத்தில் 2022-ல் நான் முதல்வன் திட்டம் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனமோ வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்துத் தந்துள்ளது: தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், முடிவெடுத்தல், மனவழுத்தத்தைத் தாங்குதல் முதலாயின. பத்தும் நல்லனவே. ஆனால் அப்பத்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படியெடுக்கச் சொன்னால் மனப்பாடம் என்னும் பதினோராவது திறனே வளரும். படிவத்தோடு திரும்பிப் போனானே, அவனுக்கு மனவழுத்தத்தைத் தாங்கக் கற்பிக்கும் இடம் வகுப்பறை அன்று, அந்த வரிசைதான்.

எம் மருமகனின் கேள்வி எம்மை உறங்கவிடவில்லை. ஆகவே ஒற்றசேகரமங்கலத்தில் வாசகசாலைத் திண்ணையில் ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டினோம். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் வரலாம். தமிழ்ப் பிள்ளை, மலையாளப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. முதல் ஞாயிறு பத்தொன்பது பேர் வந்தனர். மூன்றாம் ஞாயிறு ஏழு பேர். யாம் அதிகம் பேசியதே காரணம் என்று எம் மனைவியார் கூறினார். அது மெய். அதன்பின் பேச்சைக் குறைத்துக் கைக்கு வேலை தந்தோம். மீண்டும் வரத் தொடங்கினர்.

கையெழுத்தே முதற்பாடம். அடுத்தது பெயர். இது எல்லையில் வாழும் நமக்கே உரிய தொல்லை. நாம் தந்தையின் பெயரெழுத்தை முன்னே வைக்கின்றோம். இங்குள்ள பதிவேடுகளில் அது பலவேளை பின்னே போகின்றது. ஆதாரில் ஒருவகை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவகை, வங்கியில் ஒருவகை என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாகி நிற்கிறான். சான்றிதழ் அச்சாகுமுன் பள்ளியில் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லும் நாளில் பெற்றோர் போய்ப் பார்த்தால் அரைமணி வேலை. பார்க்காவிட்டால் அலைச்சல் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. அரசுக்கு விண்ணப்பம் எழுதவும் பழக்கினோம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்றபோது, பிள்ளைகளைவிடப் பெற்றோரே வியந்தனர்.

ஊதியச் சீட்டைப் படிக்கக் கற்பித்த ஞாயிறு எமக்கே ஒரு பாடமாயிற்று. கடை ஒன்றில் வேலைபார்க்கும் பெண்பிள்ளை தன் சீட்டைக் கொண்டுவந்தாள். அடிப்படை ஊதியத்தில் நூற்றுக்கு 12 வருங்கால வைப்புநிதிக்கு, ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு, 2019-ல் குறைக்கப்பட்டபடி, நூற்றுக்கு 0.75. இரண்டும் பிடிக்கப்பட்டிருந்தன. "உன் வைப்புநிதி எண் என்ன?" என்று கேட்டோம். அப்படி ஓர் எண் உண்டென்றே அவள் அறியாள். ஈராண்டாகப் பணம் போகின்றது; எங்கே போகின்றது என்று அவள் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்பதையே அன்று ஒத்திகை பார்த்தோம். ஒரு பையன் மேலாளராக அமர்ந்தான். அவள் நான்குமுறை கேட்டுப் பழகினாள். முதன்முறை குரல் எழவில்லை. நான்காம் முறை மேலாளராக அமர்ந்தவன் எழுந்து நின்றுவிட்டான்! மறுவாரம் எண்ணோடு வந்தாள்.

பணம் தந்தால் இரயில்வேயில் வேலை வாங்கித் தருவோம் என்று வருவோரைப் பற்றியும் சொன்னோம். அவ்வாறு தந்து ஏமாந்த குடும்பம் ஒன்றை யாம் நேரில் அறிவோம். தாயின் நகை போயிற்று. இரயில்வேயில் பணிபுரியும் எம்மிடம் ஒருமுறை வந்து கேட்டிருந்தால் அந்த நகை கழுத்தில் இருந்திருக்கும். கேட்பதற்கு அவர்கள் வெட்கப்பட்டார்களாம். மீண்டும் அதே வெட்கம்.

சோறு வடிப்பதையும் ஆண்பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தோம். தாய்மார் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. "என் மகன் எதற்கு அடுப்படிக்குப் போகவேண்டும்?" என்று கேட்டார் ஓர் அம்மையார். 2024-ல் கேரளத்து மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படம் அச்சிட்டிருப்பதைக் காட்டினோம். படம்தானே என்று அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர்தம் மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, கடைச் சோறு ஒவ்வாமல் வயிற்றுநோவு கண்டு, தன் கையால் கஞ்சி வைத்துக் குடித்துத் தேறியதாகத் தொலைபேசியில் சொன்னானாம். அம்மையார் எம் வீடு தேடிவந்து, "தம்பி, குழம்பும் வைக்கச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். எமக்கே குழம்பு சரியாக வராது. அப்பாடத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டோம்.

சங்கத்தாரிடம் எம் வேண்டுகோள் இதுவே. இங்கே செவிலியர் இருக்கின்றீர்கள், மின்பணியாளர் இருக்கின்றீர்கள், தச்சர், ஓட்டுநர், வங்கியில் பணி ஓய்வு பெற்றோர் இருக்கின்றீர்கள். ஆண்டில் ஒரே ஒரு ஞாயிறு வந்து, உங்கள் தொழிலில் உங்களுக்கு யாரோ அரை நிமிடத்தில் சொல்லித் தந்த ஒன்றை அப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பேச்சு வேண்டாம், உங்கள் கருவிப்பெட்டியைக் கொண்டுவாருங்கள்.

கையெழுத்துப் பாடத்தை இப்போது யாம் நடத்துவதில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறையில் வேலைபார்க்கும் எம் மருமகன் ஞாயிறுதோறும் வந்து நடத்துகிறான். கரும்பலகைக்கு வேண்டிய சுண்ணக்கட்டியைப் பள்ளிப் பணி அனுபவ விழாவில் வார்க்கக் கற்ற ஒரு சிறுமி செய்து தருகிறாள். கடைச் சுண்ணக்கட்டியைவிடச் சற்றுக் கடினம், ஆனால் நெடுநாள் வருகிறது. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குழாய் வாஷர் மாற்றும் பாடம். பழைய குழாய் வீட்டில் இருப்பவர்கள் அருள்கூர்ந்து கொண்டுவாருங்கள்.